சுரங்கத்துக்கு வெளியே ஒருவர்

முப்பத்தொரு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய கயெத்தானோவுக்கு மண்ணைக் கண்டால் பயம். பாம்புக்குப் பயப்படுகிற ஆள் உண்டு, ஆவிக்குப் பயப்படுகிற ஆள் உண்டு. வெட்டுப்பட்டு நிற்கிற மண்சுவரைப் பார்த்து வேர்த்து வழிகிற ஆளை சான் கிறிஸ்தோபல் ஊரில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எலேச்சோஸ் வளைவில் மலை சரிந்து, அவருக்கு முன்னே போன சக டிரைவர் மக்காரியோவின் பஸ்ஸை அப்படியே மூடிவிட்டது. நாற்பது மீட்டர் பின்னால் பிரேக்கை மிதித்து நின்றவர் இவர். இறங்கி ஓடி, மற்றவர்களோடு சேர்ந்து கையாலேயே தோண்டினார். அடியில் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்மேல் மறுபடியும் மண் இறங்கியது. மறுநாள் முதலாளியிடம் சாவியைக் கொடுத்தவர், அதன்பிறகு பஸ் பக்கமே போகவில்லை.

பெத்தேன் காட்டுக்குள் நடந்துபோய் ரமோனால் என்கிற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கும் இந்தப் பயணம் அவர் மனைவி அம்பாரோவின் ஆசை. சந்தையில் துணி விற்கிறவள். "நம்ம பாட்டன் பூட்டன் கட்டினது. வெள்ளைக்காரன் விமானம் ஏறி வந்து பாக்குறான். பக்கத்துல கெடந்துக்கிட்டு நாம பாக்காம சாகுறதா?" என்று இரண்டு வருஷமாக அரித்தெடுத்தாள். சிறிய குழு. இவர்கள் இருவர், ஷேலா ஊரிலிருந்து வந்த பல் டாக்டர் இங்கிரிட், அவள் கணவன் ஒஸ்மின், வழிகாட்டி எல்மர். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை முகாமில் சோளரொட்டியும் கறுப்புப் பயறும் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். நாற்பது நிமிஷ நடையில் பெரிய மேடு வந்தது. மேடு என்றால் மேடல்ல. மரமும் வேரும் போர்த்திக்கொண்ட கோபுரம். அதன் வயிற்றில் ஆராய்ச்சிக்காரர்கள் சுரங்கம் வெட்டியிருந்தார்கள். உள்ளே இன்னும் பழைய கோயில் ஒன்று புதைந்திருக்கிறது, அதன் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சுண்ணாம்பு முகம் ஒன்று இருக்கிறது என்று எல்மர் முதல் நாள் வாய்விட்டு உளறியிருந்தான். அன்றிலிருந்து அம்பாரோ அவனை விடவில்லை.

"மழைக்காலம் முடியுற வரைக்கும் கதவைத் தொறக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா."

"மழைதான் நேத்தே விட்டுப்போச்சே. ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்டா தம்பி. உன்னை மாதிரி பிள்ளை உண்டா?"

எல்மர் சிரித்தபடி தலையைச் சொறிந்தான். சாவி அவன் கழுத்துக் கயிற்றில்தான் இருந்தது. "அஞ்சே நிமிஷம்" என்றான்.

தகரக் கதவு திறந்ததும் ஈரமண் வாடை வந்தது. கயெத்தானோ இரண்டடி பின்வாங்கி அண்ணாந்து பார்த்தார். வாசலுக்கு மேலே நின்ற மண்சுவரில் விரல் நுழைகிற அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது.

"நான் வரலை. நீயும் போக வேணாம் அம்பாரோ. மேல பாரு, மண்ணு வாய் பொளந்து நிக்குது."

"பாத்துக்கிட்டியா இங்கிரிட்? அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலை இறங்குன வீரர். வீட்டுல குழி வெட்டி வாழைக்கன்னு நடணும்னாக்கூட நான்தான் வெட்டணும்."

இங்கிரிட் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒஸ்மின் அடக்கவில்லை. "ஐயா, ஆயிரத்தைந்நூறு வருஷமா நிக்குது. இன்னைக்கா விழப்போகுது?"

"நின்னது கோபுரம் தம்பி. ஓட்டை போட்டது இப்பதானே?"

நான்கு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். அம்பாரோவின் மஞ்சள் மழைக்கோட்டு கடைசியாக இருட்டில் கரைந்தது. கயெத்தானோ எல்லோருடைய பைகளையும் தன்னருகே இழுத்து வைத்துக்கொண்டு, வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். தூரத்தில் ஊளைக்குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏழு ஆயிற்று.

அப்போது லாரியிலிருந்து மணலைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தபோது வாசல் இல்லை. தகரக் கதவின் ஒரு முனை மட்டும் மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சிறு கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து அவர் காலடியில் நின்றன. குரங்குகள்கூட வாயை மூடிக்கொண்டன.

எழுந்திருக்கப் பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. கண் முன்னே எலேச்சோஸ் வளைவு. சேற்றுக்குள் மக்காரியோவின் பஸ், கூரையில் கட்டிய கோழிக்கூடை மட்டும் வெளியே தெரிகிறது. 'ஓடிப்போ' என்றது உடம்பு. 'ஓடிப்போ, இன்னொருதடவை உன்னால் முடியாது.'

"கயெத்தானோ!"

குரல் மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை. வாசல் இருந்த இடத்துக்கு இடப்பக்கம், உள்ளே மின்கம்பி கொண்டுபோவதற்காகப் பதித்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து வந்தது. அவர் தவழ்ந்துபோய் அதன் வாயில் காதை வைத்தார்.

"அம்பாரோ! உசிரோட இருக்கியா?"

"செத்தவளா கூப்பிடுவா?" என்றாள். ஆனால் குரல் நடுங்கியது. பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

பிறகு எல்மர் பேசினான். "ஐயா, நாலு பேரும் இருக்கோம். ஒஸ்மினுக்குக் காலு முறிஞ்சிருக்கு. மேல இருந்து இன்னும் மண்ணு உதிருது. நீங்க தனியா எதையும் தொடாதீங்க. முகாமுக்குப் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க. மரத்துல சிவப்பு நாடா கட்டியிருக்கு, அதைப் பிடிச்சே போங்க."

"தனியாவா?"

"வேற யாரு இருக்கா ஐயா?" என்றான் எல்மர்.

கயெத்தானோ நடந்தார். ஓட்டமும் நடையுமாக, நாடாவைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக. காட்டில் வெயில் தரைக்கு வராது. பகல் பதினொரு மணியிலேயே அந்தி மாதிரி இருந்தது. தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சொட்டும் அந்த மேட்டில்தான் விழுகிறது என்று தோன்றியது அவருக்கு. பத்தாவது நாடாவைத் தாண்டியபோது பாதையின் குறுக்கே ஒரு வேர் கிடந்தது. காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். வேருக்குக் கண் இருந்தது.

மஞ்சள்தாடி விரியன். காலைமுழுக்க எல்மர் எச்சரித்துக்கொண்டே வந்தது இதைத்தான். கடித்தால் முகாமுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அது தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் தூக்கிய காலை அங்குலம் அங்குலமாகப் பின்னால் வைத்தார். அது நகர்கிற வழியாக இல்லை. காத்திருக்கவும் நேரமில்லை. பக்கத்துப் புதருக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். முள் முகத்தைக் கீறியது. சுற்றி வந்து பார்த்தால் பாதையைக் காணோம்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம். நாலு அடி போனார், திரும்பினார், மறுபடி நாலு அடி. நெஞ்சு காதில் அடித்தது. தான் இங்கேயே சுற்றிச் சுற்றிச் சாக, அவள் அங்கே குழாயில் வாயை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்த இடைவெளியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. கோவேறு கழுதை ஒன்று கனைத்தது. மூட்டை சுமக்க முகாமில் கட்டியிருந்த கழுதை! கனைப்பு வந்த திக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நேராகப் போனார். கொடியோ முள்ளோ பார்க்கவில்லை.

முகாமில் இரண்டு காவலர்களும் சமையல்காரி சோய்லாவும் இருந்தார்கள். சேறும் ரத்தமுமாக வந்து விழுந்தவரைப் பார்த்து சோய்லா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "மண்ணு... உள்ள நாலு பேரு" என்பதுதான் அவர் வாயில் வந்தது. மூத்த காவலர் திமாஸ் வயர்லெஸ் ரேடியோவைத் திருகி உதவி கேட்டார். இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது, நாளைக் காலைதான் என்று பதில் வந்தது.

"நாளைக்கு வரைக்கும் தாங்காது. மண்வெட்டிய எடுங்கடா" என்றார் திமாஸ்.

மேட்டுக்குப் போனதும் திமாஸ் நேராகச் சரிந்த மண்ணின் அடியில் மண்வெட்டியைப் போட்டார். கயெத்தானோ பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தார்.

"அடியில வெட்டாதீங்க! மேல நிக்கிறது அப்படியே இறங்கிரும். எங்க ஊர்ல ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"இதுல உமக்கு என்னய்யா தெரியும்? நீர் பஸ் டிரைவர்தானே?"

"தெரியும்" என்றார் கயெத்தானோ. பிடியை விடவில்லை. "மேல இருந்து படிப்படியா இறக்கணும். ரெண்டு பக்கமும் மரத்தை வெட்டி முட்டுக் கொடுக்கணும். நேரமாகும். ஆனா வேற வழி கிடையாது."

திமாஸ் அண்ணாந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

நான்கு மணி நேரம் வெட்டினார்கள். சோய்லாவும் வெட்டினாள். தனக்கு மேலே நின்ற மண்ணை ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் கயெத்தானோ கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டினார். பார்த்தால் கை நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். நடுவில் ஒருமுறை முட்டு ஒன்று மளுக்கென்று முறிய, எல்லோரும் சிதறி ஓடினார்கள். அவரும் ஓடினார். முதலில் திரும்பி வந்ததும் அவர்தான்.

குழாயில் வருகிற பேச்சு குறைந்துகொண்டே வந்தது. விளக்கு அணைந்துவிட்டது என்றாள் இங்கிரிட். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் அம்பாரோ அழைத்தாள். அந்தக் குரலில் கிண்டலே இல்லை.

"ஏங்க. இங்க தண்ணி சொட்டுது. எனக்குக் கை காலெல்லாம் விறைக்குது. ஏதாச்சும் பேசுங்க."

"என்ன பேச?"

"என்னமோ. உங்க குரல் கேட்டாப் போதும்."

அவர், பஸ் ஓட்டிய காலத்தில் கண்டக்டர் லீவு போட்ட நாட்களில் தானே கத்தியதுபோல, குழாய்க்குள் கத்தினார். "கோபான் கோபான் கோபான்! சாந்தா குரூஸ் இறங்குறவங்க முன்னாடி வாங்க! அம்மா, கோழியை மடியில வைங்க! அடுத்தது சந்தை, அதுக்கடுத்து பள்ளிக்கூடம், ஆத்துப்பாலம்..."

"எலேச்சோஸை விட்டுட்டீங்க" என்றாள் உள்ளிருந்து.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆறு வருஷமாக வாயில் வராத பெயர். "எலேச்சோஸ் வளைவு" என்றார். "யாராச்சும் இறங்கணுமா?"

"இல்ல. வண்டிய எடுங்க."

நாலரை மணிக்கு இளைய காவலரின் மண்வெட்டி வெற்றிடத்தில் குத்தியது. ஓட்டையை ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கி, பலகை வைத்துத் தாங்கினார்கள். இங்கிரிட் முதலில் வந்தாள். ஒஸ்மினைப் போர்வையில் கட்டி இழுத்தார்கள். அவன் வலியில் அலறியது காடெல்லாம் கேட்டது. அடுத்தது அம்பாரோ. மஞ்சள் கோட்டு மண்ணும் சுண்ணாம்புமாக நிறம் மாறியிருந்தது. கயெத்தானோ அவள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக வந்த எல்மர் ஈரத்தரையில் உட்கார்ந்து கழுத்துச் சாவியைக் கழற்றி திமாஸிடம் கொடுத்தான். "நான்தான் தொறந்தேன். அலுவலகத்துல நானே சொல்லிடுறேன்."

"நான்தான் தொறக்கச் சொன்னேன். அதையும் சேத்துச் சொல்லு" என்றாள் அம்பாரோ.

மறுநாள் மேகம் விலகி ஹெலிகாப்டர் வந்து ஒஸ்மினையும் இங்கிரிட்டையும் ஏற்றிக்கொண்டு போனது. மற்ற மூவரும் கழுதையோடு நடந்து திரும்பினார்கள். வெயில் நன்றாக அடித்தது. பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின. ஒரு மணி நேரம் போயிருக்கும், பாதை இரண்டு சிறு மேடுகளுக்கு நடுவே புகுந்தது. இடுப்பளவு மேடுதான். அம்பாரோ அங்கே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"தெரியல. கால் வரமாட்டேங்குது." அவள் உதடு வெளுத்திருந்தது. "இதுல என்னங்க இருக்கு? ஆட்டுக்குட்டி தாண்டிரும். ஆனா முடியல."

கயெத்தானோ எல்மரைப் பார்த்து, நீ முன்னால் போ என்று கைகாட்டினார். பிறகு பாதையின் நடுவில், நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அவளையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இது போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாது. எனக்கு இன்னும் போகலை."

அவள் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். கழுதையின் குளம்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை இருவரும் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.