துருவேந்தனின் சுட்டுவிரல்

எதிர்வீட்டு மெத்தைக்கடைக்காரர் அன்று படியேறியதைப் பார்த்திருந்தால், கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிறார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். லிப்ட் குலுக்குமாம், அதனால் படி. நெஞ்சோடு அணைத்திருந்தது ஒரு மெத்தைத் துண்டு. அதன் நடுவே, உள்ளே படுப்பவனின் உடம்புக்குக் கச்சிதமாகக் குழி வெட்டியிருந்தார். குழிக்குள் ஒரு பொம்மை. சொந்த மனைவிக்கு முதுகுவலி. அவளுக்குக்கூட அவர் இப்படி அளவெடுத்து மெத்தை போட்டுக் கொடுத்ததில்லை.

மனைவி பின்னாலேயே வந்தாள். பல் டாக்டர். அன்றைக்கு அவள் முகம், அவளிடம் பல் பிடுங்க வந்தவர்களின் முகம் மாதிரி இருந்தது. அவளுக்குப் பின்னால் நான். என்னை யாரும் கூப்பிடவில்லைதான். பழைய பொம்மைகளை மதிப்பிடும் மேல்மாடி லென்ஸ் மேடத்திடம்தான் அவர்கள் போனார்கள். அவரிடம் நான் ஒரு பாத்திரம் வாங்கி வைத்திருந்தேன். அதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பது என் இஷ்டம் அல்லவா?

பொம்மையின் பெயர் துருவேந்தன். ஒரு பழைய காமிக்ஸ் தொடரின் வில்லன். ஒரு சாண் உயரம், செம்பழுப்பு அங்கி, நீட்டிய வலது சுட்டுவிரல். அந்த விரலை எதன் பக்கம் காட்டுகிறானோ அது துருப்பிடித்துப் பொடிப்பொடியாகிவிடும். பாலம், ரயில், கதாநாயகனின் வாள் எல்லாம் போச்சு. பொம்மை செய்த கம்பெனியும் எப்போதோ மூடியாகிவிட்டது. விரல் மெல்லியது என்பதால் மிச்சமிருக்கும் துருவேந்தன்கள் பெரும்பாலும் விரலில்லாதவர்கள். விரலோடு ஒருவன் கிடைப்பது, இரவல் கொடுத்த குடை திரும்பி வருவது போல.

மெத்தைக்கடைக்காரரிடம் இருந்தவன் விரலோடு இருந்தான். அந்த விரலை வைத்துத்தான் அவர் பழம்பொம்மைச் சங்கத்துக்குத் தலைவரானார். எல்லாம் நரைத்த தலைகள் கூடுகிற சங்கம் அது. மாதம் ஒருமுறை அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ரோபோவின் முழங்காலைப் பற்றி ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி பேசுவார்கள். கதவு மெல்லிசு, எனக்குக் கேட்கும். சங்கத்துக்குத் தலைவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: செப்பனிட்ட பொம்மைக்கும் அதை வைத்திருப்பவருக்கும் இங்கே இடமில்லை.

அந்த விதிக்கு முதல் பலி தெருமுனை மருந்துக்கடைக்காரர். தலைவரின் பால்ய நண்பர். அவருடைய வீரன் பொம்மையின் மேலங்கி கிழிந்திருந்ததை, அதே நிற நூலால் தைத்துக் கொண்டுவந்தார். தலைவர் வெறுங்கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார். "தையல் போட்டவன்லாம் வீரனாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நண்பர் வீரனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நம் தலைவர் தலைவலி மாத்திரைக்குக்கூட நாலு தெரு தள்ளிப் போகிறார்.

இப்போது சங்கத்தின் பெரிய கண்காட்சி வருகிறது. நடு மேடையில் துருவேந்தன். அவன் காலடியில் 'கை படாதது' என்ற அட்டை. அட்டையில் லென்ஸ் மேடத்தின் கையெழுத்து. இப்படி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பொம்மையில் ஏதாவது கோளாறு என்று மேடம் சொல்லிவிட்டால், தலைவர் தன் விதிப்படி தன்னையே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும்.

கோளாறு இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மருந்துக்கடைக்காரரை விரட்டின கொஞ்ச நாளிலேயே நடந்தது அது. டாக்டர் அலமாரியைத் துடைக்கப் போய், துருவேந்தன் தரையில் விழுந்தான். 'ஐயோ' என்ற சத்தத்துக்கு நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஆள் சோபாவுக்கு அடியில் கிடந்தான், விரலைக் காணோம். பக்கத்தில் தூசி உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது முழுங்கியிருக்கும் என்று பையைக் கவிழ்த்துச் செய்தித்தாளில் கொட்டினோம். தலைமுடி, சட்டைப் பொத்தான், யாருடையதோ ஒற்றைக் கம்மல், எல்லாம் வந்தது. விரல் வரவில்லை. ஒரு வில்லனின் விரலுக்காகக் குப்பையைக் கிளறிய பெருமை எங்கள் இருவருக்கும்தான் உண்டு.

டாக்டர் அழவில்லை. துருவேந்தனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தன் கிளினிக்குக்குப் புறப்பட்டாள். எனக்கும் ஒரு கடைவாய்ப்பல் லேசாகக் கூசுகிற மாதிரி இருந்தது, கூடவே போனேன். நோயாளி நாற்காலியில் துண்டை மடித்து அவனைச் சாய்த்தாள். பழக்க தோஷத்தில் கழுத்தில் காகித ஏப்ரன் கட்டினாள். பழக்க தோஷத்திலேயே, "பயப்படாதீங்க, வலிக்காது" என்றும் சொல்லிவிட்டாள்.

பல்லடைக்கும் பசையால் அவள் அந்த விரலைக் கட்டி எழுப்பினாள். பசைப் பெட்டியில் இருந்ததெல்லாம் பல் நிறங்கள்தான். புகைபிடிப்பவர்களின் பல்லுக்கான பழுப்பை எடுத்து, மேலே வர்ணம் பூசினாள். வேலையில் இறங்கிவிட்டால் அவளை நிறுத்த முடியாது. கணுவில் சுருக்கம் வைத்தாள், நுனியில் நகமும் வைத்தாள். "போதும், வில்லனுக்கு மருதாணி போட்டுடாதே" என்று நான்தான் கையைப் பிடித்தேன்.

கணவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதது மட்டுமா? வீட்டுக்கு யார் வந்தாலும் பூதக்கண்ணாடியை நீட்டி, "விரல்ல சுருக்கம் பாருங்க! அந்தக் காலத்துக்காரன் வேலைன்னா வேலை. இப்ப யாருக்கு இந்தப் பொறுமை இருக்கு?" என்பார். காபித் தட்டோடு நிற்கும் டாக்டருக்குப் புரையேறும். நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அதற்காக வயிற்றுவலிகூட வந்தது.

லென்ஸ் மேடம் ஏலக் கம்பெனியில் பழைய பொம்மைகளை மதிப்பிட்டே தலை நரைத்தவர். இப்போது வீட்டிலேயே பார்க்கிறார். மேசையில் கறுப்புத் துணி, இரண்டு விளக்கு, சின்னத் தராசு, பருத்திக் கையுறை. முகஸ்துதி அவர் வீட்டு வாசல்படி ஏறாது.

"வாங்க தம்பி, ஆளை இப்படிப் படுக்க வைங்க. டாக்டரம்மா, உக்காருங்க. நீங்க..." என்று என்னைப் பார்த்தார்.

"பாத்திரம்" என்றேன்.

"வைங்க."

வைத்தேன். உட்கார்ந்தேன்.

எடை பார்த்தார். "சரியா இருக்கு." உள்ளங்காலைத் திருப்பி அச்சு முத்திரையைப் பார்த்தார். "முதல் வார்ப்பு." தோள் மூட்டு, இடுப்பு, அங்கியின் வர்ணம். "அசல்." ஒவ்வொரு வார்த்தைக்கும் மெத்தைக்கடைக்காரர் ஓர் அங்குலம் வளர்ந்தார். இன்னும் இரண்டு வார்த்தை வந்திருந்தால் மின்விசிறியில் இடித்திருப்பார்.

மேடம் பொம்மையின் கைக்கு வந்தார். வலது கையைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். மறுபடி வலது.

"தம்பி, இந்த விரல் சரியில்ல."

"என்ன மேடம் சரியில்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு."

மெத்தைக்கடைக்காரர் சிரித்தார், பாராட்டு என்று நினைத்து. மேடம் சிரிக்கவில்லை. "மத்த ஒன்பதையும் பாருங்க, மெழுகுவத்தி மாதிரி இருக்கு. அந்தக் கம்பெனிக்காரன் அவ்வளவுதான் செய்வான். நகம் வைக்கிற ஆளு இல்ல அவன். இதுக்கு மட்டும் நகம் இருக்கு. அதுவும் ஒழுங்கா வெட்டி விட்ட நகம்."

எழுந்து திரைச்சீலையை இழுத்தார். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டார். அறை இருண்டது, துருவேந்தனும் இருண்டான். சுட்டுவிரல் மட்டும் நீலவெள்ளையாக, விளம்பரத்தில் சிரிப்பவர்களின் பல்லைப் போலப் பளபளத்தது.

மெத்தைக்கடைக்காரர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "வித்தவன் ஏமாத்திட்டான் மேடம். ஊரைவிட்டே போயிட்டான் அந்த ஆளு. எவனோ ஒட்டின விரலை என் தலையில கட்டியிருக்கான்."

எனக்கு உயிர் வந்தது. ஊரில் இல்லாத ஒருத்தன் தலையில் பழி விழுந்தால் யாருக்கு நஷ்டம்? டாக்டரின் கையைத் தட்டிக் கொடுத்தேன். அவளும் மூச்சை விட்டாள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். மேடம்தான் விளக்கை அணைத்துக்கொண்டே சொன்னார்:

"எவனோ கத்துக்குட்டி. மாவைப் பிசைஞ்சு அப்பியிருக்கான். லேசாத் தட்டினா உதிர்ந்துரும்."

"உதிராது."

சொன்னது டாக்டர். நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அது மாவு இல்ல மேடம். அடுக்கு அடுக்கா வச்சு, ஒவ்வொரு அடுக்கையும் ஒளி காட்டி இறுக வச்சது. உள்ள ஒரு ஊசி நிறுத்தியிருக்கு. அந்த விரலால நீங்க கதவைத் தட்டலாம். நான் செஞ்ச அடைப்பு எதுவும் இன்னிக்கு வரைக்கும் உதிர்ந்து திரும்பி வந்ததில்ல!"

பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்று அவளுக்கு உறைத்தது.

மேடம் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். "ஊசியா? இவ்வளவு ஒல்லியான இடத்துல எப்படித் துளை போட்டீங்க?"

"வேர் சிகிச்சைக்கு ஒரு துளைக்கருவி இருக்கு மேடம், முடி மாதிரி..."

"அடேயப்பா. வர்ணத்துக்கு அடியில என்ன பூசினீங்க?"

இரண்டு பேரும் துருவேந்தன் மேல் குனிந்துகொண்டார்கள். பேச்சு போன போக்கில் அடுத்தது டீ வந்துவிடும் போலிருந்தது.

"நான் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"

"நான் பாத்திரம் குடுக்க வந்தவ தம்பி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மனைவியைக் கேட்டார். கோபமாகக் கேட்க ஆரம்பித்த குரல், பாதியில் சுருதி இறங்கிவிட்டது.

"எப்படிச் சொல்றது? துணியில நாலு தையல் போட்டதுக்கே உங்க சிநேகிதருக்கு அந்த மரியாதை. விரல் போச்சுன்னா எனக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு யோசிச்சேன். உங்க பொம்மைக்குக்கூட பயப்படல, உங்க வாய்க்குப் பயந்தேன்."

மேடம் பேனாவைத் திறந்தார்.

"தம்பி, நான் உள்ளதைத்தான் எழுதுவேன். உடம்பு அசல், முதல் வார்ப்பு. சுட்டுவிரல் பின்னால செஞ்சது, முதல் தரமான வேலை. 'கை படாதது'ன்னு மட்டும் எழுத மாட்டேன். அப்படி எழுதித் தர்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, ஊதா விளக்கு இல்லாத ஆளாப் பாத்துப் போங்க. கண்காட்சியில யாரும் விளக்கு கொண்டுவர மாட்டாங்க. உங்க தலைவர் பதவியும் பத்திரமா இருக்கும்."

அவர் அதைப் பற்றி யோசித்தார். யோசிக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். மெத்தைக் குழியை இரண்டு முறை கையால் நீவிவிட்டார், மனைவியைப் பார்த்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் 'அந்தக் காலத்துக்காரன்' என்று கொண்டாடிய ஆள், முழங்கை தூரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதுங்க மேடம்" என்றார். "விரலை யார் செஞ்சதுன்னும் எழுதுங்க. டாக்டர்னு போட்டு எழுதுங்க."

அவர்கள் இறங்கிப் போனதும் நான் மேடத்திடம் மெல்லக் கேட்டேன். "நெசமாவே மாவுன்னா நெனைச்சீங்க?"

"இந்தப் பாத்திரத்துக்கு ஒரு மூடி இருந்துச்சே, அது எங்க?" என்றார் மேடம்.

மறுநாள் காலை எனக்கு முழங்கால் தைலம் தேவைப்பட்டது. தெருமுனைக் கடையில், எனக்கு முன்னால் மெத்தைக்கடைக்காரர் நின்றிருந்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சீட்டு இருக்கா?"

"மருந்து வாங்க வரல."

"அப்ப மத்தவங்களுக்கு வழி விடுங்க."

"எனக்கு அவசரமே இல்லப்பா" என்றேன் நான்.

மெத்தைக்கடைக்காரர் மேடத்தின் தாளை எடுத்து மருந்து விற்கும் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்தார். நண்பர் அதை மருந்துச் சீட்டைப் படிப்பது போலவே, வரி வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"ஊரையே கூப்பிட்டுக் காட்டினியாமே அந்த விரலை! உன் வீட்டுக்காரம்மா செஞ்சதாடா அது?"

"சிரிச்சுக்கோ. அன்னிக்கு உன்னை அப்படிப் பேசினது தப்புடா. எல்லார் முன்னாலயும் பேசினேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். இதோ அக்கா இருக்காங்க, இவங்க ஒருத்தர் கேட்டா ஊரே கேட்ட மாதிரி."

இதை நான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன்.

"தலைவர் பதவியையும் விட்டுர்றேன்" என்றார்.

"விட்டா அங்க யாரு கத்துறது? நீயே இரு. விதியைத் தூக்கிப் போடு. நடு மேடையில உன் ஆளு பக்கத்துல என் ஆளு நிக்கணும், தையல் தெரியற மாதிரி முதுகைக் காட்டிட்டு நிக்கணும்."

"நிக்கட்டும்."

"இன்னொண்ணு. அந்தத் தையல் இப்ப பிரியுது. உன் வீட்டுல தையல் வருமா?"

"அவ ஈறுக்குத்தான் தையல் போடுவா."

"அது போதும்."

மருந்துக்கடைக்காரர் ஸ்டூலில் ஏறி, இருமல் டானிக்குகளுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பெட்டியை எடுத்தார். திறந்து வைத்தார், உள்ளே வீரன். மெத்தைக்கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டியவர், என்ன தோன்றியதோ, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே எடுத்துக் காட்டு" என்றார்.