ஒன்பதாவது உருண்டை

குடைக்கு எட்டுக் கம்பிதான். ஒன்பதாவது உருண்டைக்கு இடமில்லாததால் நெப்டியூன் கம்பியிலேயே இன்னொரு நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தங்கச்சி நாகஜோதியின் பள்ளிக்கூடத்தில் அன்று அறிவியல் கண்காட்சி. அப்பாவின் கறுப்புக் குடையை விரித்துச் சுற்றினால், நடுவிலிருக்கும் சூரியனை தெர்மாகோல் கிரகங்கள் சுற்றிவரும். வர்ணம் என் வேலை. கோயிலில் நவக்கிரகங்களுக்குக் கட்டும் துணிகளை நினைத்துக்கொண்டே பூசினேன். சனிக்குக் கறுப்பு, குருவுக்கு மஞ்சள். கோயிலில் துணி இல்லாதவற்றுக்குக் கைக்கு வந்த வர்ணம். புளூட்டோதான் கடைசி. மிச்சமிருந்ததையெல்லாம் குழைத்து அப்பியதில் கண்மாய்க் களிமண் போல வந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

கிளம்பும்போது ஜோதி கத்தரிக்கோலை எடுத்து புளூட்டோவின் நூலை வெட்டினாள்.

"டீச்சர் எட்டுப் போதும்னுட்டாங்கக்கா. புளூட்டோவப் போன மாசமே விஞ்ஞானிங்க கிரகக் கணக்குலருந்து கழிச்சுட்டாங்களாம்."

"என்ன தப்புப் பண்ணுச்சு?"

"தான் போற பாதையச் சுத்தமா வச்சுக்கலையாம்."

"நீயுந்தான் வாசக் கூட்ட மாட்ட. ஒன்னயக் கழிச்சுட்டமா?"

"போக்கா. இந்த வாரம் வேற நட்சத்திரத்துக்கிட்ட ஒரு கிரகத்தக் கண்டுபிடிச்சுருக்காங்க. இதுவரைக்கும் பாத்ததுலயே அதான் பெருசு. ஆனா தக்கைய விட லேசாம், தண்ணில மெதக்குமாம்."

மிதப்பதெல்லாம் கிரகம், இது இல்லையா என்று உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். "என் வண்டியிலயும் பின்னால எட்டுப் பேருக்குத்தான் எடம். ஒன்பதாவதா வாரவன எறக்கியா விடுறேன்? என் சீட்டுல பாதி குடுக்குறேன்ல? பேச்சி, நீயும் ஏறு. குடைய யாரு சுத்துவா?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளிக்கூடத்தில், பாடம் வாசிக்க எழுப்பியபோது குரல் வரவில்லை. 'பேச்சியம்மான்னு பேரு, பேச்சக் காணோம்' என்று வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

"நீ பேச வேணாங்க்கா. சுத்து மட்டும். பேச்சு என் பொறுப்பு," என்றாள் ஜோதி.

அப்பாவின் சீட்டில் பாதியில் உட்கார்ந்து போனேன். கண்காட்சியில் வந்தவர்களிடமெல்லாம் ஜோதி மூச்சுவிடாமல் பேசினாள். நான் குடைக்குப் பின்னால் முகத்தை ஒளித்து, ஒரு கைக்குள் அந்த உருண்டையை மூடிக்கொண்டு, மறு கையால் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

டீச்சர் கூப்பிட்டதும் ஜோதி அந்தப் பக்கம் போனாள். அப்போதுதான் ஒரு சின்னப் பெண் வந்தாள். குடையை அவள் பார்க்கவே இல்லை.

"அக்கா, கையில என்ன?"

குடை நின்றது. எட்டும் ஆடி அடங்கின. மூடியிருந்த கையை விரித்தேன். வேர்வையில் வர்ணம் கரைந்து உள்ளங்கையெல்லாம் களிமண்ணாக இருந்தது.

"இது..." என்றேன்.

கேட்கவில்லை போல. அவள் ரெட்டைச் சடையை ஒதுக்கிவிட்டு, காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.