ஒன்பது நாளில் கற்றவன்

மோட்டாரின் துளைக்குள் கம்பி சிக்கியது. கௌதமன் காலை ஊன்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தான். வந்துவிட்டது.

"மெதுவாடா." அம்மா சின்னாத்தாள் பந்தலிலிருந்து எழுந்து பட்டறை வாசலுக்கு வந்திருந்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது. "உங்கண்ணன் இப்படி இழுக்கமாட்டான்."

"அதனாலதாம்மா அவனுக்கு ஒரு மோட்டாருக்கு மூணு நாளாச்சு."

அண்ணன் பத்தடி தள்ளிப் பந்தலில் கிடந்தான். சின்னாத்தாள் அங்கே திரும்பிப் போனாள்.

காலனி போர்வெல் மோட்டார் எரிந்து ஆறு நாளாகிறது. உள்ளே கம்பி சுற்ற வேண்டிய மூன்று பேஸில் இரண்டை அண்ணன் ஆறுச்சாமி சுற்றி முடித்திருந்தான். மூன்றாவதைத் தொடங்க விடிகாலையில் வந்து உட்கார்ந்தவன் அப்படியே சாக்கில் சாய்ந்துவிட்டான். நெஞ்சுவலி. வயது நாற்பத்தொன்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருப்பூருக்குச் செய்தி போனது. கௌதமன் அவிநாசியில் பஸ் மாறி வந்து இறங்கும்போது மணி பத்து.

அம்மா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே ஒன்று கேட்டாள்.

"அவன ஊர்க்காரங்க தோட்டத்துத் தண்ணியில குளிப்பாட்ட வேண்டாஞ் சாமி. ஆறு நாளா அங்க போயி, மோட்டாரு எப்பப் போடுவாங்கன்னு வரப்புல நிக்கறோம். பொணத்துக்கும் அங்க போயி நிக்கோணுமா? நம்ம போர்த்தண்ணி வரோணும். நீ முடிச்சுக் குடு."

"ஒரு மணிக்குள்ள முடிச்சுப்போடறேன்."

மோட்டாரின் மீதிப் பாகங்களை மாட்டிப் போர்க்குழிக்குள் இறக்கும் வேலைக்கார ரசாக் ஆட்களோடு அங்கே காத்திருந்தான். ஐந்து மணிக்குப் பிணம் எடுக்க வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

பந்தலில் அண்ணனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பொறுமைசாலி. ஒரு வேலையை எடுத்தால் விடமாட்டான். கௌதமனுக்குச் சிரிப்பு வந்தது. மூளை இல்லாதவனுக்குக் கடைசியில் ஊர் கொடுக்கும் பட்டம் பொறுமைசாலி. அழகில்லாத பெண்ணைக் குணவதி என்பதுபோல.

வேலைபார்த்த மில் மூடியபின் ஆறுச்சாமி கணபதியிலுள்ள, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு வைண்டிங் பட்டறையில் சேர்ந்தான். தொழில் பிடிபட நான்கு வருடம் ஆனது. அதுவரை அவன் சுற்றியதெல்லாம் குப்பை. முதலாளி அவனை 'மரக்கட்டை' என்றுதான் கூப்பிட்டார். மரக்கட்டை மறுநாளும் எட்டு மணிக்கு வந்து நின்றது. அதே பட்டறையில் கௌதமன் ஒன்பது நாளில் கற்றுக்கொண்டான். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் மாதம் கௌதமன் வேலையை விட்டு நின்றுவிட்டான். தினமும் அதே துளை, அதே கம்பி. மாடு செக்கைச் சுற்றலாம், மனிதன் சுற்றுவானா? பிறகு தறி, சாயப்பட்டறை, பனியன் கம்பெனி. போன இடமெல்லாம் சீக்கிரம் கற்றான். போன இடத்திலிருந்தெல்லாம் சீக்கிரம் வந்தான். இப்போது நூல் ஏஜெண்ட். அதுவும் பிடிக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு முடித்தான். எழுந்து கையை உதறினான். பட்டறை வாசலில் குடங்களோடு கூட்டம்.

"பாத்துக்குங்க," என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள். "அண்ணன் மூணு நாள் உக்காந்தே கெடப்பான். தம்பி மூணு மணி நேரத்துல எந்திரிச்சுட்டான். ஆண்டவன் ஒரு ஊட்டுல ஒருத்தனுக்குத்தான் மூளை வெப்பான்."

கௌதமன் காதில் விழாததுபோல் நின்றான். நன்றாக விழுந்தது.

கம்பி சுற்றிய இரும்புக்கூட்டைச் சோதிக்கத் தண்ணீர் டிரம்மில் முக்கினான். கம்பி முனையில் டெஸ்ட் பல்பின் ஒரு வயரையும் இரும்பு உடம்பில் இன்னொரு வயரையும் வைத்துச் சுவிட்சைப் போட்டான்.

பல்பு எரிந்தது.

"எரியுதுங்கோ!" என்று ஒருவன் கத்தினான். யாரோ விசிலடித்தார்கள். எழவு வீடு என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

எரியக் கூடாது. கம்பியின் உறை எங்கேயோ கிழிந்து, மின்சாரம் இரும்புக்குத் தாவினால்தான் அந்தப் பல்பு எரியும். எங்கே கிழிந்தது என்று அவனுக்குத் தெரியும். இழுத்த கைக்குத் தெரியாதா?

சுவிட்சை அணைத்தான்.

கூட்டத்தைப் பார்த்தான். இவர்களுக்குப் பல்பு எரிந்தால் போதும். இதையே இறக்கலாம். பிணத்தைக் குளிப்பாட்டும்வரை ஓடும். நாளையோ மறுநாளோ புகையும். அப்போது அவன் திருப்பூரில் இருப்பான். அண்ணன் சுற்றிய இரண்டு பேஸ்தான் எரிந்துபோனது என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவார்கள். செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை.

"என்ன சத்தம்?" பந்தலிலிருந்து பொற்கொடியின் குரல். அண்ணன் மனைவி. காலையிலிருந்து அவள் பேசியது இதுதான்.

"பல்பு எரிஞ்சுது அம்மணி! உங்கொழுந்தன் முடிச்சுப்போட்டான்!" என்றது கூட்டம்.

"எரிஞ்சுதுங்களா?"

"பளிச்சுன்னு எரிஞ்சுது!"

பதினைந்து வருடம் அந்தப் பட்டறைக்குச் சோறு கொண்டுபோய், டெஸ்ட் பல்பைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். புருஷன் முகத்திலிருந்த ஈயை முந்தானையால் ஓட்டினாள். கௌதமன் பக்கம் திரும்பவில்லை.

"அத்தே," என்றாள் மாமியாரிடம். "தோட்டத்துத் தண்ணியே கேட்டு வரச் சொல்லுங்க."

"ஏன் கண்ணு? அதான் மோட்டாரு ஆயிப்போச்சேன்னு..."

பொற்கொடி மறுபடி ஈயை ஓட்டினாள். சின்னாத்தாள் எழுந்து வந்து மகன் முன் நின்றாள்.

"ஆச்சா, ஆகலையா?"

கௌதமன் டிரம்மைப் பார்த்தான்.

"ஆகலம்மா."

"எத்தன நேரமாகும்?"

"தெரியல."

கூட்டம் கலைந்தது. சுப்பாத்தாள் குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள். "ஒம்பது நாள்ல கத்துக்கிட்டவனாமா," என்றாள், நடந்தபடியே. இந்த முறை மெதுவாகச் சொல்ல அவள் முயலவில்லை.

தோட்டத்திலிருந்து டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் வந்தது, நாலரை மணிக்கு. சின்னாத்தாள் அதைத் தொட மறுத்துவிட்டாள். பொற்கொடிதான் மொண்டு ஊற்றினாள். அண்ணனுக்கு மகன் இல்லை. கௌதமன் பாடைக்கு முன்னால் நடந்தான். குழியில் முதல் மண்ணை அவன் போட்டான். உள்ளங்கையில் கம்பி அறுத்த இடத்தில் மண் பட்டு எரிந்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவர்கள் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"அவிநாசி பஸ்ஸு வந்துருமே," என்றாள் சுப்பாத்தாள். "போகலீங்களா?"

கௌதமன் பட்டறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். டிரம்மிலிருந்து அந்த இரும்புக்கூட்டைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்து, முட்டிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தார் ரோட்டில் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

தான் சுற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினான். முதல் கம்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை.

இழுக்காமல், விரலை மாற்றிப் பிடித்தான்.