காலை மட்டும்

1
இது முதலில் ஒரு மன்னிப்புக் கடிதம். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. கதையாக்கினேன், கதையில் ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

முதல் தொடக்கம்: 'நான் வடிவமைத்த உறைகளை ஊரே மெச்சிய அந்தக்...' (அடித்துவிட்டேன். மெச்சியது நான் மட்டும்தான்.)

2
மருந்துக்கடைக்கார அக்கா மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறைக்காக என்னிடம் வந்தார்.

"எந்த மாத்திரை எந்த வேளைக்குன்னு பளிச்சுனு தெரியணும் தம்பி. வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பார்வை சரியில்ல."

"அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா. முதல்ல கடைக்கு ஒரு முகம் வேணும்."

முகம் கொடுத்தேன். பச்சைக் கொடி, சுருள் இலைகள், பொன்னிற ஓரம். காலை, மதியம், இரவு மூன்றும் கொடிக்கு அடியில் எறும்பாக ஊர்ந்தன. "அழகாத்தான் இருக்கு. ஆனா..." என்றார். நான் மாதிரிப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

3
இங்கே தையல்காரர் வருகிறார். (கண் தெரியாத முதியவராக எழுதினால் என் பழி பாதியாகும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊசியில் தானே நூல் கோப்பவர்.) அக்கா 'காலை'க்குப் போட்ட டிக் இலைகளுக்குள் தொலைந்துபோக, இரத்த அழுத்த மாத்திரையை மூன்று வேளையும் விழுங்கினார். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

பார்க்கப் போனேன். அவர் மனைவி உறையை நீட்டினார். "எங்க போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். வரைந்த எனக்கே தேட வேண்டியிருந்தது.

"கடையிலேருந்து வர்றீங்களா?"

"ஆமா" என்றேன்.*

"உங்க கடைக்காரம்மாவுக்குப் பொறுப்பே இல்லைங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

* இந்தச் சொல்லுக்காகத்தான் கடிதம் நின்றுபோனது.

4
வேளை தெரியவில்லை என்று பலரும் திரும்பி வந்ததால், அக்கா மிச்ச உறைகளில் என் இலைகள் மீது தடித்த கறுப்பு மார்க்கரால் 'காலை மட்டும்' என்று எழுதிக்கொண்டிருந்தார். புதிதாகச் செய்து தந்தேன்: மூன்று பெரிய கட்டங்கள், கொட்டை எழுத்து, வேறொன்றுமில்லை. இம்முறை கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடம் படிக்கக் கொடுத்து, தடுமாறிய இடமெல்லாம் திருத்தினேன். இன்றுவரை அதைத்தான் அச்சடிக்கிறார்.

"தையல்காரர் வீட்ல ஏன் இப்ப நம்ம கடைக்கு வர்றதில்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலக்கா."

5
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் தையல்காரர் என்னை மன்னிக்கிறார். மற்றதில் விரட்டுகிறார். இரண்டிலும் நான் உண்மையைச் சொன்ன நல்லவன்.

அவர் இடது கையால் துணி வெட்டப் பழகுகிறார் என்று கேள்வி. அந்தக் கதவை நான் இன்னும் மறுபடி தட்டவில்லை. தட்டியதாக நீங்களும் முடித்துவிடாதீர்கள்.