எஸ்றாவின் கைநாட்டு

விடியுமுன்பே இரண்டு டன் இறாலை மேசைகளில் கொட்டிப் பனிக்கட்டியை வாரியிறைத்திருந்தார்கள். அற்புதமணி கையை உள்ளே விட்டாள். குளிர் முதலில் கடிக்கும். பிறகு விரல்களே இல்லாததுபோல் ஆகிவிடும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவ வேண்டும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் பத்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நாற்பது பெண்கள் நின்றபடியே உரித்தார்கள்.

தினமும் ஜெபித்துவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடுவாள். அன்று மன்னிப்பைப் பற்றிய வரி மட்டும் வாயில் வரவில்லை.

தங்கை ஜெஸ்லின் இதே முதலாளியின் குஜராத் கம்பெனியில் இருந்தாள். ஒன்பது நாளைக்கு முன் ஐஸ் நொறுக்கும் மெஷின் அவளுடைய இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. ஊருக்கு அனுப்பச் சொல்லி ஹாஸ்டல் அறையில் அழுதுகொண்டு கிடந்தாள். வேலைக்கு அனுப்பும்போது கைநாட்டு வைத்த ஆண்பிள்ளை நேரில் வந்தால்தான் விடுவார்களாம்.

கைநாட்டு வைத்தவர் அற்புதமணியின் மாமனார் எஸ்றா. புருஷன் துபாயில். ஆண் பொறுப்பு இருந்தால் பிள்ளைக்குப் பத்திரம் என்று நம்பி, கிழவரின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவள் அற்புதமணியேதான். எஸ்றாவை அடக்கம் பண்ணி ஒரு மாதமாகிறது.

காண்ட்ராக்டர் ஜெயகணேஷ் வந்தான். குஜராத்துக்குப் புதிதாக ஏற்றப்போகும் பன்னிரண்டு பெண்கள் வாசலில் வேனருகே பைகளோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஒரு போன் போட்டு என் தங்கச்சிய விடச் சொல்லுங்க."

"பொம்பளப்பிள்ளையத் தனியா ரயில்ல ஏத்தமுடியுமா ஏளா? பொறுப்பான ஆளு வரட்டும்."

"பொறுப்பான ஆளு கல்லறையில கெடக்காரு. எந்திரிச்சு வந்து டிக்கெட் எடுக்கணுமோ?"

மேசைகளில் சிரிப்பு வெடித்தது. அவன் முகம் கறுத்தது.

"அப்போ புருஷன் வரட்டும்."

"அவரு துபாய்க்குப் போகும்போது எந்தப் பொம்பளகிட்ட கைநாட்டு வாங்குனாங்க?"

"அது ஆம்பள வெவகாரம். நீ வேலையப் பாரு."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கையிலோ உணர்வே இல்லை. ஆனால் அவனுக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஐஸ் மாற்றாத இறாலின் தலை கறுக்கும். கறுத்த சரக்கை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான். உண்ணும் பொருளைக் கெடவிடுவது பாவம் என்று வளர்ந்தவள் அவள். அதைக் கர்த்தரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஈரத்தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த முருகேஸ்வரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கடைசி மேசைவரை ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

ஜெயகணேஷ் வேன் பக்கம் திரும்பினான். "ஏளா, எல்லாரும் வாங்க. இன்னைக்கு இங்கன உரிங்க. டபுள் கூலி."

முதலில் வந்தவள் வேம்பார் ஊர்க்காரி சீனித்தாய். ஏசுவதற்கு வாயெடுத்தாள் அற்புதமணி. அதற்குள் அந்தப் பெண் குனிந்து, வெடித்து நீர் கசிந்த அவள் விரல்களைத் தன் துப்பட்டாவால் ஒற்றினாள்.

"அக்கா, எனக்கு எங்க அப்பாதான் கையெழுத்துப் போட்டாரு. அவரு நெஞ்சுவலிக்காரரு. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உன்னையும் விடமாட்டானுவ தாயி."

சீனித்தாய் வேனுக்குப் போனாள். பையை எடுத்துவந்து மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அற்புதமணியின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். பின்னாலேயே பதினோரு பைகள் வந்தன.

"பத்து நிமிசம் தாரேன்," என்று கத்தினான் ஜெயகணேஷ். "அதுக்குள்ள எந்திரிக்கலன்னா ஒருத்திக்கும் இங்கன வேலை கெடையாது!"

"எங்களுக்கு அவசரமில்ல அண்ணாச்சி," என்றாள் அற்புதமணி. "இறாலுக்குத்தான் அவசரம்."

வெயில் கூரைத் தகரத்தில் ஏறியது. மேசை விளிம்புகளிலிருந்து உருகிய நீர் சொட்டத் தொடங்கியது. ஜெயகணேஷ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். யாருக்கு அடிக்கிறான் என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு பெண்களும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.