பொய்க்குக் கட்டிய வேப்பிலை

சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஆறு கல் உள்ளே போனால் வரும் அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்த மூன்றாவது வருஷம், சந்திரமதி பயப்படாத நாள் என்று ஒன்று கிடையாது. புருஷன் லெட்சுமணனை சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. மிஞ்சியது இரண்டு வயது மூர்த்திதான். அவனுக்கு மூக்கு ஒழுகினாலே அவள் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள். இப்போது தோட்டத்துக்குள் கக்குவான் இருமல் வேறு புகுந்துவிட்டது.

அவளுக்கு ஆயாக் கொட்டகையில் வேலை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்த பெண்கள், மரவள்ளி நட ஓடும் அவசரத்தில் பிள்ளைகளை அவளிடம் போட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பதினொரு தூளி. ஒன்று இருமினால் ஒரு வாரத்தில் ஐந்து இருமும். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் மூச்சை இழுக்கும்போது கூவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் அவள் முதலில் மூர்த்தியின் தூளியைத்தான் எட்டிப் பார்ப்பாள். அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஒரே ஆள் டிரெஸ்ஸர் சதாசிவம். “இருமுற பிள்ளைய கொட்டகைக்குக் கொண்டாராதீங்க, வீட்டுலயே வச்சிருங்க” என்று கூலி வீடுகள் வரிசை கட்டிய லயம் லயமாகப் போய்த் தொண்டை வறளக் கத்தினார். கத்தி என்ன பயன்? அம்மாக்காரி வேலைக்கு வராவிட்டால் அரிசி இல்லை. பிள்ளைக்குச் சூடாக எதையாவது புகட்டி, இருமல் அடங்கிய நேரம் பார்த்துக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

யோசனை சொன்னது சந்திரமதிதான்.

“ஐயா, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க. மாரியாத்தா சொன்னா கேப்பாங்க.”

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினால் ஒரு ஈ காக்காகூட உள்ளே போகாது. வீட்டில் இருப்பவர்களும் வெளியே வர மாட்டார்கள். அம்மை என்றால் ஜப்பான்கார மேலாளுக்கும் நடுக்கம். அந்த வீட்டு ஆள் வேலைக்கு வரக் கூடாது, அரிசியை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சபாபதிக்கு ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தான்.

டிரெஸ்ஸர் சுற்றுமுற்றும் பார்த்தார். “தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு தலையும் இருக்காது, தாயி.” ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சந்திரமதி இருமும் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, “மணல்வாரி அம்மை மாதிரி இருக்கு. முத்து உள்ளுக்குள்ள நிக்குது, இன்னும் வெளிய தள்ளல” என்று சொல்லத் தொடங்கினாள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். இப்படி ஏழு வாசல். கொட்டகையில் கூவென்ற சத்தம் நின்றே போய்விட்டது. அவளோ தினமும் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொய் சொன்னதும் சொன்னாள், யார் பேரில் சொல்லியிருக்கிறாள்!

ஏழாவது வாசல் ராஜம்மாவுடையது. அவளுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. வேப்பிலை கட்டிய ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு உள்ளே போய் வந்தது. சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்று டிரெஸ்ஸர் கண்டுகொண்டார். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் சிகரெட் டின்னில் அவர் ஒளித்து வைத்திருந்த ஆறு எம்.பி. மாத்திரைகள் இருந்தன, நெஞ்சுச் சளிக் காய்ச்சலுக்குக் கேட்கிற மருந்து. அவற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ராஜம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டுல மருந்தா? எம்புள்ள கண்ணப் பறிச்சுருவா. போயிருங்கய்யா!”

கதவைச் சாத்திக்கொண்டாள். டிரெஸ்ஸர் நேரே கொட்டகைக்கு வந்தார். “இன்னிக்கே மருந்து உள்ள போகலன்னா அந்தப் பிள்ள தங்காது. நீ கட்டச் சொன்ன வேப்பிலை. நீதான் போய்ச் சொல்லணும்.”

சந்திரமதி தூளியில் கிடந்த மூர்த்தியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஏழு கதவும் திறந்துவிடும். அத்தனை இருமலும் கொட்டகைக்கு வரும், மூர்த்தி படுக்கும் தூளிக்கே வரும். மேலாள் காதுக்கு எட்டினால் அவளையே இழுத்துப் போவார்கள், பிறகு மூர்த்திக்கு யார்? சொல்லாவிட்டால் ஒரு குழந்தை மட்டும்தான் போகும். இப்படிக் கணக்குப் போட்ட தன் மனசே அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து ஓடினாள்.

“ராஜம்மா, கதவத் திற. ஆத்தா வரல. நான் பொய் சொன்னேன். இது வெறும் இருமல்டீ. அந்த மருந்தக் குடு!”

கதவு திறந்தது. ராஜம்மா ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு டிரெஸ்ஸரிடம் கையை நீட்டினாள்.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. ஆனால் லயத்துச் சுவர் பலகைதானே, அவள் கத்தியதும் அறை விழுந்ததும் அடுத்த நான்கு வீட்டுக்குக் கேட்டிருந்தன. ஏழு வாசல் வேப்பிலையும் பிய்த்தெறியப்பட்டுக் கொட்டகை முன்னால் கிடந்தது. சபாபதி மட்டும் சன்னமான குரலில், “நான் எதையும் கேக்கல. ஆனா இனிமே அரிசி வாசலுக்கு வராது” என்றான். மேலாளிடம் அவன் போய்ச் சொல்லவில்லை; அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மறுநாள் கூவென்ற சத்தம் கொட்டகைக்குத் திரும்பி வந்தது.

அடுத்த பத்தாம் நாள் மூர்த்தி இருமினான். கண் சிவந்து நீர் வடிந்தது. சந்திரமதி அவன் காதை மடக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், மணலை வாரி இறைத்த மாதிரி சிவப்புப் பொரி. நிஜமான மணல்வாரி. இந்தத் தடவை ஆத்தா உண்மையிலேயே வந்துவிட்டாள், அதுவும் தன் பேரில் பொய் சொன்னவள் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் போனதும் கொட்டகையைப் பூட்டினாள். கோயில் மரத்தில் கொத்துக் கொத்தாய் வேப்பிலை ஒடித்து வந்து, தன் வீட்டு வாசல் மறையும்படி கட்டினாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“என்னக்கா, உன் வீட்டுக்குமா? யார ஏமாத்த இவ்ளோ தழை?”

ராஜம்மா வேப்பிலையைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. “அன்னிக்குக் கை நீட்டிட்டேன்க்கா. நீ சொல்லலன்னா எம்புள்ள இல்ல. மனசு கேக்கல, அதான் வந்தேன்.” சொல்லிக்கொண்டே குழந்தையைப் பாயில் உட்காரவைத்தாள்.

“தூக்குடீ! வெளிய போ! இது நிஜம், ராஜம்மா, சத்தியமா நிஜம்!”

ராஜம்மா இன்னும் சிரித்தாள். அந்த நேரம் மூர்த்தி இருமினான். குழந்தை கையை நீட்டி அவன் கன்னத்தைத் தடவியது. பிறகு அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டது.