கேட்ட சீனி

பாண்டியம்மாள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். வாடிப்பட்டியிலிருந்து வந்திறங்கிய பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்தி, சுற்றி உட்கார்ந்து, இழவு வீட்டில் கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "எப்பிடித்தா ஆச்சு?" வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும், புருஷனை இழந்தவளே தன் வாயால் அவனுடைய கடைசி நேரத்தைச் சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். கேட்காமல் போவதும் சொல்லாமல் இருப்பதும் மரியாதைக் குறைவு.

கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கப்பாண்டி கிடந்தார். தலைமாட்டில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த மகள் சுபலட்சுமியின் விரல் நின்றது. அம்மா அடுத்து என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நேத்துக் காலையில வெடவெடன்னு நடுங்குனாரு. வேர்த்துக் கொட்டுச்சு. சீனி குடு, சீனி குடுன்னு பச்சப்புள்ள மாதிரி கேட்டாரு. குடுக்கலயே நான். இத்தன வருசம் காப்பாத்துன மனுசன வாய் ருசிக்காக விட்டுருவேனா? டப்பாவத் தூக்கிப் பரண்ல வச்சுட்டு, ஒரு கரண்டி நெய்ய உருக்கிக் குடுத்தேன். குடிச்சுட்டு அமைதியாப் படுத்தாரு. தூங்கட்டும்னு விட்டேன். தூங்குனவரு எந்திரிக்கவே இல்லயே."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி, "ஒன்னைய மாதிரி யாரு பாத்துக்கிருவா" என்றாள். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் பாண்டியம்மாள் நேற்றிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சுபலட்சுமி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. குழாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி வந்தாள். நேற்று மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. கொண்டுவந்தபோது ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கவில்லை. அளக்கவே முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுச் சோற்றைக் குறைத்தாரா என்று கேட்டார். நடுங்கியபோது ஒரு கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்திருந்தால் போதுமே என்றார். அம்மா அப்போது வெளியே பெஞ்சில், அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சோற்றைக் குறைத்தது தவறா? இல்லை. நெய்யும் தேங்காயும் முட்டையும் சேர்த்தது தவறா? அதுவும் இல்லை. கொழுப்பைக் கண்டு பயப்படாதீர்கள், வெள்ளைச் சோற்றைக் கண்டு பயப்படுங்கள் என்று கைபேசியில் ஒருவர் பேசியதைக் கேட்டு, பாண்டியம்மாள் அடுப்படியையே மாற்றியமைத்தாள். குடலுக்கு நல்லது என்று வேளை தவறாமல் மோர் கொடுத்தாள். தங்கப்பாண்டியின் சர்க்கரை உண்மையிலேயே இறங்கியது. வயிற்று உப்புசம் போய், வயிறு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் சோறு குறைந்தால் ஊசியின் அளவையும் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நல்ல உணவும் நல்ல மருந்தும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உடம்புக்குள் சந்தித்தன.

சுகர்காரருக்குச் சீனி நஞ்சு. இந்த ஒற்றை வரியைத்தான் ஆஸ்பத்திரிச் சுவரும் சொந்தமும் சேர்ந்து பாண்டியம்மாளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. அந்த நஞ்சே மருந்தாகிற ஒரு நேரம் உண்டு என்பதைக் கற்றுக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. கற்ற ஒரே வரியை அவள் உயிரைக் கொடுத்துக் காத்தாள். கொடுத்தது யாருடைய உயிர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

உள்ளே ஒப்பாரி எழுந்தது. அப்பாவின் பங்காளி அழகுபாண்டியின் மனைவி கனகலட்சுமி நல்ல குரல்காரி. கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் பாட்டாக்கிவிடுவாள்.

"கையேந்திக் கேட்டாலும் கரண்டிச் சீனி தாராம
கண்ணாக் காத்தவள விட்டுக் காத வழி போனீகளே..."

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அந்த வரியைத் திரும்ப எடுத்தார்கள். பாட்டு ஓய்ந்ததும் கனகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு மனுஷனும் ஊசி போடுகிறவர்தான் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். "இனிமே நானும் எங்க அக்கா மாதிரிதான். காலப் புடிச்சுக் கெஞ்சட்டுமே, கண்ணுல காட்ட மாட்டேன்."

சுபலட்சுமி எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒரு தவறு அழுகையாகி, அழுகை பாட்டாகி, இந்தப் பெண்களோடு இன்று சாயங்காலம் எத்தனை வீடுகளுக்குப் பேருந்தேறிப் போகப்போகிறது?

தெருமுனையில் அமரர் ஊர்திக்காரனோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன் அருள்பாண்டியை இழுத்து நிறுத்தினாள். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். பேச்சை முடிக்கவிடவில்லை அவன்.

"வாயத் தொறந்துராத சுபா. அப்பா போயாச்சு. அம்மாவும் போகணுமா?"

"சித்தி பாடுனதக் கேட்டியாண்ணே?"

"காரியம் முடியட்டும். அப்பறமாச் சொல்லிக்கலாம்."

அப்புறம் என்பது எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. அவன் ஊர்திப் பக்கம் திரும்பிவிட்டான்.

பந்தலுக்குத் திரும்பியபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அழகுபாண்டி கொட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று அவர்களுக்கும் விளங்கவில்லை. அதிர்ந்து பேசாத மனிதர் அவர். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சுபலட்சுமியைப் பார்த்ததும், அவளை அவள் அம்மாவென்று நினைத்து, "மதினி, மழ வருதா?" என்றார். உச்சி வெயில் பந்தல் ஓலைக்குள் புகுந்து தரையெங்கும் சிதறிக் கிடந்தது. மடியிலிருந்த அவருடைய விரல்கள் நடுங்கின.

கனகலட்சுமி துண்டோடு ஓடிவந்தாள். அண்ணன் போன துக்கம் தாங்கவில்லை என்றாள். அவர் டீ மேசையைப் பார்த்துக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கி மடியில் வைத்தாள்.

"சித்தி, காலையில ஊசி போட்டாரா?"

"போடாம? நாந்தான் போட்டுவிட்டேன்."

"சாப்புட்டாரா?"

"பங்காளி வீட்டுப் பொணம் எடுக்காம எப்பிடித்தா வாயில வைப்பாரு?"

சுபலட்சுமி வாசலைப் பார்த்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பந்தல் முழுவதும் தெரியும். சித்தப்பாவைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் அவர் தலை ஏற்கெனவே ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

சீனி வேண்டாம் என்பவர்கள் ஊரில் பெருகிவிட்டதால், டீ மேசையில் சீனியைத் தனி டப்பாவில் வைத்திருந்தார்கள். அவள் டப்பாவைத் தம்ளருக்குள் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி விரலாலேயே கலக்கினாள். கனகலட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொல்லப் பாக்குறியாடி?"

"கைய விடுங்க சித்தி. இப்பக் குடுக்கலேன்னாத்தான் செத்துப்போவாரு. அப்பாவும்..."

நிறுத்திக்கொண்டாள். நிறுத்துவதற்குள் அந்தச் சொல் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. ஒப்பாரி நின்றது.

அழகுபாண்டியால் இன்னும் விழுங்க முடிந்தது. முதல் வாய் தாடையில் வழிந்தது. அடுத்தது இறங்கியது. தம்ளர் காலியானதும் மறுபடி கரைத்தாள். மெல்ல அவர் பார்வை ஆட்களின் மேல் நிலைகொண்டது. சுற்றிலும் பார்த்தார்.

"செத்தது எங்கண்ணன். என்னைய எதுக்குச் சுத்தி நிக்கிறீக?"

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். பெண்கள் இரண்டாக விலகினார்கள்.

பாண்டியம்மாள் வந்துகொண்டிருந்தாள். எடுக்கும்வரை பெட்டியை விட்டு நகரக் கூடாதவள், பிடித்த கைகளையெல்லாம் உதறிவிட்டு, தலைமுடி அவிழ்ந்தபடி பந்தலுக்கு வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு தம்ளரைப் பார்த்தாள்.

"நெய் குடுத்தா ஆகாதா?"

சுபலட்சுமிக்குப் பொய் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. எதிரே கனகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பதிலுக்காக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகாதும்மா. சீனிதான் குடுக்கணும்."

பாண்டியம்மாள் அழவில்லை. நாற்காலிக்கு முன்னால் மண்தரையில் உட்கார்ந்து மகளின் கையிலிருந்த தம்ளரை வாங்கினாள். முந்தானையால் அழகுபாண்டியின் தாடையைத் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சந்தான் கெடக்கு. குடிங்க தம்பி."

அவர் வெட்கத்தோடு தலையை ஆட்டினார். அவள் தம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். பின்னால் ஊர்தி வந்து நின்றது. நேரமாகிறது, எடுக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். கொட்டு ஒருமுறை முழங்கியது. அருள்பாண்டி, "அம்மா" என்று கூப்பிட்டான்.

திரும்பிப் பார்க்காமல், பொறு என்பதுபோல் அவள் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். அழகுபாண்டியின் தொண்டை ஏறி இறங்குவதையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.